இருக்கும் இணையவழிப் பயிற்சியை வேறொரு கற்போர் குழுவுக்கு ஏற்ப மாற்றியமைத்தல்: ஓர் எளிய அறிமுகம்

ஆய்வாளர்களுக்காக உருவாக்கப்பட்ட ஓர் இணையவழிப் பயிற்சியை நூலகர்களுக்கும், வங்கி ஊழியர்களுக்கான பயிற்சியை ஓய்வூதியர்களுக்கும், ஆங்கிலத்தில் உள்ள பாடத்தைத் தமிழ் மாணவர்களுக்கும் கொடுக்க வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. புதிதாக எழுதுவதைவிட இருப்பதைத் திருத்திக்கொள்வது எளிது என்று எண்ணுபவர்கள் பெரும்பாலும் முகப்புப் படத்தை மாற்றுகிறார்கள், நிறுவனத்தின் பெயரை மாற்றுகிறார்கள், உரையை மொழிபெயர்க்கிறார்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகும் அந்தப் பயிற்சி பழைய கற்போரிடமே பேசிக்கொண்டிருக்கும். ஏனெனில் ஒவ்வொரு பயிற்சிக்குள்ளும் பெயர் குறிப்பிடப்படாத ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதற்காக வந்திருக்கிறார், எந்தக் கருவியில் படிக்கிறார், எவ்வளவு நேரம் ஒதுக்குவார் என்பதையெல்லாம் முதல் ஆசிரியர் தம் மனத்துக்குள் முடிவு செய்துகொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதியிருப்பார். ஆனால் அந்த முடிவுகளை எங்கும் குறித்து வைத்திருக்க மாட்டார். அந்த மாணவர் யார் என்று கண்டறிந்து, அவருடைய இடத்தில் வேறொருவரை அமர்த்தி, அதனால் பாடத்தில் எவையெல்லாம் பொருந்தாமல் போகின்றன என்று பார்த்துச் சரிசெய்வதே மாற்றியமைத்தல் என்ற வேலை.

இதைப் புரிந்துகொள்ள தி கார்பென்ட்ரீஸ் அமைப்பின் பாடங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 1998-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் ஒரு வாரப் பயிற்சியாகத் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, கணினியை ஆய்வுக்குப் பயன்படுத்தும் அறிவியலாளர்களுக்கு நிரலாக்கத்தின் அன்றாடத் திறன்களைக் கற்றுக்கொடுத்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் யூனிக்ஸ் ஷெல், கோப்புகளில் செய்த மாற்றங்களைத் தடம் வைக்கும் கிட், பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழி ஆகியவை அதன் மையப் பாடங்கள். பிறகு 2014-இல் தரவுகளைக் கையாளும் ஆய்வாளர்களுக்காக டேட்டா கார்பென்ட்ரியும், 2015-இல் ஜேம்ஸ் பேக்கரின் முன்முயற்சியால் லண்டனில் நூலகர்களுக்காக லைப்ரரி கார்பென்ட்ரியும் அதே மரபிலிருந்து கிளைத்தன. 2018-இல் மூன்றும் தி கார்பென்ட்ரீஸ் என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. பாடங்கள் அனைத்தும் இணையத்தில் திறந்த உரிமத்துடன் கிடைப்பதால், மூலத்தையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும் அருகருகே திறந்து வைத்து, எது மாறியது, எது மாறவில்லை என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படி ஒப்பிட்டால் முதலில் கண்ணில் படுவது தொடக்கப்புள்ளி. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி, ஷெல் என்ற கட்டளைவரியிலிருந்து தொடங்குகிறது. டேட்டா கார்பென்ட்ரியின் சூழலியல், சமூக அறிவியல் பாடங்களோ எக்செல் போன்ற விரிதாள்களிலிருந்து தொடங்குகின்றன. புதிய கற்போர் நிரல் எழுதிப் பழகியவர்கள் அல்லர், ஆனால் அவர்களுடைய தரவு முழுவதும் விரிதாள்களில் கிடந்தது என்பதே இதற்குக் காரணம். ஆகவே விரிதாளின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு மதிப்பை மட்டும் எழுத வேண்டும், நிறத்தைத் தரவாகப் பயன்படுத்தக் கூடாது, தேதிகளை எக்செல் எப்படித் தன் விருப்பப்படி மாற்றிவிடும் என்பன போன்ற, நிரலாளர்கள் பாடமாகவே எண்ணாத செய்திகள் முதல் பாடமாயின. கற்போர் ஏற்கெனவே நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை நடைமுறையில் இப்படித்தான் தோற்றம் கொள்கிறது: பழைய முதல் அத்தியாயத்தை எளிய நடையில் மாற்றி எழுதுவதற்குப் பதிலாக, அதற்கு முன்னால் முற்றிலும் வேறான ஓர் அத்தியாயம் வந்து அமர்கிறது.

எடுத்துக்காட்டுகள்: எதை மாற்றலாம், எதை மாற்றினால் பாடமே மாறும்

பயிற்சியை மாற்றியமைப்பவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுகளை மாற்றுகிறார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகளில் இரண்டு வகை உண்டு என்பதைக் கவனிப்பவர் குறைவு.

முதல் வகை வெறும் ஆடை. சாஃப்ட்வேர் கார்பென்ட்ரியின் கிட் பாடத்தில் முன்பு ஓர் இரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் செவ்வாய்க் கோளுக்கு விண்கலம் அனுப்பத் திட்டமிடுவதாகக் கதை இருந்தது. மேற்கத்தியத் திகில் கதைகளை அறியாதவருக்கு அந்த நகைச்சுவையே ஒரு தடை. பின்னர் அந்த இடத்தில் குவாக்கமோலே என்ற வெண்ணெய்ப்பழத் துவையலின் செய்முறைக் குறிப்பு வந்தது. தமிழில் இந்தப் பாடத்தை நடத்துபவர் அதைத் தேங்காய்த் துவையலாக்கிக் கொண்டாலும் கிட்டின் ஒரு கட்டளைகூட மாறாது. இத்தகைய எடுத்துக்காட்டுகளை அச்சமின்றி மாற்றலாம். அதிக நேரத்தையும் இதில் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாம் வகை எடுத்துக்காட்டு பாடத்தின் பாரத்தையே தாங்கி நிற்கிறது. டேட்டா கார்பென்ட்ரியின் சூழலியல் பாடம், அரிசோனா மாநிலத்தின் போர்ட்டல் என்ற ஊருக்கு அருகில் 1977 முதல் நடந்துவரும் கள ஆய்வின் பதிவுகளைப் பயன்படுத்துகிறது. பாலைவனக் கொறிவிலங்குகளைப் பிடித்து, எடையும் பின்னங்கால் நீளமும் அளந்து, எந்த நிலத்துண்டில் எந்த நாளில் பிடிபட்டது என்று எழுதிய பல்லாயிரம் வரிகள் அவை. கற்பிப்பதற்காக அந்தத் தரவு எளிமையாக்கப்பட்டிருந்தாலும், எடை குறிக்கப்படாத விலங்குகளின் வெற்றிடங்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. ஏனெனில் விடுபட்ட மதிப்புகளைக் கையாள்வது சூழலியலாளரின் அன்றாடப் பணி. சமூக அறிவியல் பாடத்திலோ மொசாம்பிக், தான்சானியா நாடுகளின் விவசாயக் குடும்பங்களிடம் 2016, 2017 ஆண்டுகளில் பாசனம் பற்றி எடுக்கப்பட்ட நேர்காணல் தரவு இருக்கிறது. அதில் குடும்பத்தின் உடைமைகள் என்ற ஒரே கட்டத்துக்குள் மிதிவண்டி, வானொலி, கைப்பேசி என்று பல விடைகள் அரைப்புள்ளியிட்டு அடுக்கப்பட்டிருக்கும். எனவே பல விடைகள் கொண்ட ஒரு கட்டத்தைப் பிரித்தெடுக்கும் திறனை அந்தப் பாடம் கற்பித்தே ஆக வேண்டும். கொறிவிலங்குத் தரவுக்கு அது தேவைப்படவே இல்லை. மரபணுத் தொகுதிப் பாடம் இன்னும் விலகிச் செல்கிறது: ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய நுண்ணுயிர்ப் பரிணாம ஆய்விலிருந்து அது எடுத்துக்கொண்ட கோப்புகள் விரிதாளில் திறக்கக்கூடியவையே அல்ல என்பதால், தொலைவில் உள்ள மேகக் கணினியும் கட்டளைவரியும் அங்கே மையப் பாடங்களாகிவிட்டன.

எனவே ஓர் எடுத்துக்காட்டை நீக்குவதற்கு முன், அது பாடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். அதை எடுத்த பிறகும் அடுத்து வரும் பயிற்சிகள் அப்படியே நின்றால் அது ஆடை. அடுத்த மூன்று பயிற்சிகள் பொருளற்றுப் போனால், அந்த எடுத்துக்காட்டுக்கு உள்ள அதே சிக்கல்களைக் கொண்ட ஒன்றைப் புதிய துறையிலிருந்து தேட வேண்டும்; அல்லது புதிய துறையின் சிக்கல்கள் வேறு என்பதை ஏற்றுக்கொண்டு கற்பிக்கும் திறனையே மாற்ற வேண்டும். பிந்தையதைச் செய்யத் துணிவதில்தான் மாற்றியமைப்பவரின் திறமை தெரிகிறது என்பது என் கருத்து.

லைப்ரரி கார்பென்ட்ரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மூலத்தின் ஷெல் பாடத்தில் வட பசிபிக் கடலில் மாதிரிகள் சேகரித்த ஒரு கடல் உயிரியலாளர் புரத அளவீட்டுக் கோப்புகளுடன் போராடுகிறார். நூலகர்களின் பாடத்தில் அந்த இடத்தில் ஆய்விதழ்க் கட்டுரைகளின் பட்டியல்கள் இருக்கின்றன. எந்தெந்தத் தலைப்புகளில் ஒரு குறிப்பிட்ட சொல் வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள். எண்ணும் கட்டளையும் தேடும் கட்டளையும் அவையேதான், ஆனால் கேள்வி நூலகருடையது. இவற்றோடு மூலத்தில் இல்லாத ஒன்றும் சேர்க்கப்பட்டது: பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்போர் சிறு குழுக்களாக அமர்ந்து, தாங்கள் அலுவலகத்தில் கேட்டும் புரியாமல் தலையாட்டிவந்த தொழில்நுட்பச் சொற்களை எழுதி, ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் ஓர் அமர்வு. நிரலாளர்களோடு கூட்டங்களில் அமர வேண்டிய நூலகர்களுக்கு இதன் பயன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தெரிந்தவருக்குச் சுமை, தெரியாதவருக்குப் பள்ளம்

முன்னறிவு என்பதே மாற்றியமைத்தலில் மிகக் கடினமான பகுதி. ஒரு துறையில் தேர்ந்தவர், தாம் எப்போதோ கற்றுக்கொண்ட இடைப்படிகளை மறந்துவிடுவார். அவை தமக்கு இயல்பாகிவிட்டதால் அவற்றைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. ‘கோப்பைப் பதிவிறக்கி, உங்கள் பணிக் கோப்புறையில் வைத்துத் திறக்கவும்’ என்ற ஒரு வரிக்குள், பதிவிறக்கிய கோப்பு எங்கே போய் அமர்கிறது, கோப்புறை என்றால் என்ன, சுருக்கிய கோப்பை எப்படி விரிப்பது என்ற மூன்று பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. கைப்பேசியில் மட்டுமே இணையத்தைப் பயன்படுத்திப் பழகிய ஒருவருக்கு அந்த வரியோடு பயிற்சி முடிந்துவிடும். அதனால், மாற்றியமைக்கத் தொடங்கும்போது பாடத்தில் உள்ள ஒவ்வொரு செயல் வரியையும் எடுத்து, இதைச் செய்ய ஒருவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்தவர்களுக்கு வேறு எந்த வழிகாட்டியும் அவ்வளவாகத் தேவைப்படாது.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. தொடக்கநிலைப் பயிற்சியை அனுபவசாலிகளுக்குக் கொடுப்பது எளிது என்று தோன்றலாம். சில பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவ்வளவுதானே என்று எண்ணலாம். ஆனால் சுலாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-இல் தொகுத்துக் காட்டியபடி, புதியவருக்குக் கைகொடுக்கும் படிப்படியான விளக்கம் துறை அறிந்தவருக்கு வெறும் பயனற்றது மட்டுமன்று, கற்றலுக்கே இடையூறாகவும் அமைகிறது. தமக்குத் தெரிந்ததையும் திரையில் சொல்லப்படுவதையும் ஒப்பிட்டுப் பொருத்துவதிலேயே அவருடைய கவனம் செலவாகிவிடுகிறது. ஆகவே அனுபவசாலிகளுக்கான பதிப்பில், முழுமையாகச் செய்து காட்டப்பட்ட கணக்குகளுக்குப் பதிலாகப் பாதி செய்த கணக்கையோ, தீர்வு தரப்படாத சிக்கலையோ வைக்க வேண்டும். எழுதிய விளக்கத்தை வெட்டி எறிவது எழுதியவருக்கு வலிக்கும் என்பதால், இந்த வேலையை மூலத்தை எழுதாத ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

கற்போரைப் பற்றி இப்படிப் பொதுவாகப் பேசிக்கொண்டே போகாமல், புதிய குழுவைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரைக் கற்பனையாகவேனும் முழு உருவில் எழுதி வைத்துக்கொள்வது கார்பென்ட்ரீஸ் பாட ஆசிரியர்களின் வழக்கம். அவர் என்ன வேலை செய்கிறார், எந்தச் சிக்கல் அவரை இந்தப் பயிற்சிக்குக் கொண்டுவந்தது, பயிற்சி முடிந்த மறுநாள் அவர் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பவை ஒரு பத்தியில் அடங்கிவிடும். அந்தக் குழுவைச் சேர்ந்த உண்மையான ஒருவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு எழுதினால் அந்தப் பத்தி இன்னும் நம்பகமாக இருக்கும்.

நோக்கமும் தேர்வும்

‘மறுநாள் எதைச் செய்ய முடிய வேண்டும்’ என்ற கேள்விக்கு விடை மாறும்போது, பயிற்சியின் இறுதித் தேர்வும் மாற வேண்டும். இங்கேதான் பல பயிற்சிகள் சறுக்குகின்றன. பாடம் புதிதாக இருக்கும், வினாக்கள் பழையனவாக இருக்கும்.

வங்கி ஊழியர்களுக்கான இணைய மோசடித் தடுப்புப் பயிற்சி ஒன்றை ஓய்வூதியர்களுக்குத் தருவதாக வைத்துக்கொள்வோம். ஊழியருக்கான பாடம் அலுவலக மின்னஞ்சலை மையமாகக் கொண்டது: அனுப்பியவரின் முகவரியைச் சரிபார்த்தல், ஐயத்துக்குரிய இணைப்பைத் திறக்காமல் இருத்தல், தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிவித்தல். ஓய்வூதியருக்கோ மோசடி பெரும்பாலும் தொலைபேசி அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் வருகிறது. தெரிவிப்பதற்கு அவரிடம் ஒரு தொழில்நுட்பப் பிரிவும் இல்லை. அவருக்குத் தேவையானவை, யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு ரகசியக் குறியீட்டு எண்ணை உள்ளிட வேண்டிய அவசியமே இல்லை என்ற உண்மையும், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்ற செய்தியும். பழைய தேர்வில் ‘பின்வரும் மின்னஞ்சல் முகவரிகளில் போலியானது எது?’ என்ற வினா இருந்திருக்கும். புதிய தேர்வில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவசரப்படுத்தும் ஓர் அழைப்பின் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு, எந்த இடத்தில் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு பயிற்சிகளின் தலைப்பும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சோதிக்கப்படும் திறன் வேறு.

இந்த எடுத்துக்காட்டு ஓர் எல்லையையும் காட்டுகிறது. பழைய நோக்கங்களையும் புதிய நோக்கங்களையும் அருகருகே எழுதிப் பார்க்கும்போது பொதுவானவை மிகச் சிலவே என்று தெரிந்தால், மாற்றியமைப்பதைக் கைவிட்டுப் புதிதாக எழுதுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். பழைய பயிற்சியின் அமைப்பு கண் முன்னே இருக்கும்வரை அது நம்மைத் தன் வழியிலேயே இழுத்துக்கொண்டிருக்கும்.

உரிமமும் மூலக் கோப்பும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறில், கார்பென்ட்ரீஸ் பாடங்கள் பயன்படுத்தும் வகை, மூலத்தைக் குறிப்பிட்டு, செய்த மாற்றத்தையும் தெரிவித்தால் போதும் என்கிறது. அதே உரிமத்தில்தான் புதிய பதிப்பையும் வெளியிட வேண்டும் என்பது சிலவற்றின் நிபந்தனை. வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது சிலவற்றின் நிபந்தனை. வழிப்படைப்புக்கு இடமில்லை என்று சொல்லும் இரண்டு உரிமங்களின் கீழ் மாற்றிய பதிப்பைப் பிறருடன் பகிரவே முடியாது. உரிமம் எதுவும் குறிப்பிடப்படாத பயிற்சியை இலவசமாகப் பார்க்க முடிகிறது என்பதாலேயே திருத்தி வெளியிட முடியும் என்று கொள்ளக் கூடாது. பாடம் திறந்த உரிமத்தில் இருந்தாலும் அதற்குள் உள்ள ஒரு படத்தின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கோப்புகளைப் பொறுத்தவரை, இணையவழிப் பாடங்களை வெவ்வேறு கற்றல் தளங்களில் ஏற்றுவதற்கான பொது வடிவமான ஸ்கார்ம் தொகுப்பாகக் கையில் கிடைப்பது வெளியிடப்பட்ட வடிவம் மட்டுமே. அதைத் திருத்த, அதை உருவாக்கிய மென்பொருளின் மூலக் கோப்பு வேண்டும். அதைக் கேட்டுப் பெறாமல் வேலையைத் தொடங்கினால் பாதி வழியில் நிற்க நேரிடும். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடக்கும் படிப்பைக் காப்புப் பிரதி எடுத்துப் புதிய இடத்தில் நிறுவுபவர்கள், பழைய மாணவர்களின் பெயர்களும் மதிப்பெண்களும் அந்தப் பிரதியோடு வந்துவிடாதபடி பயனர் தரவை நீக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

மொழி மாறும்போது

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இங்கே பொருத்தமான எடுத்துக்காட்டு. திறந்த மூல மென்பொருள்களைக் கற்பிக்கும், ஏறத்தாழ பத்து நிமிட நீளமுள்ள அதன் காணொளிகள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஒலிமாற்றம் செய்யப்படுகின்றன. ஆனால் திரையில் தெரியும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இது சோம்பலால் செய்ததன்று. வேலைக்குப் போகும் இடத்தில் மாணவர் ஆங்கிலத் திரையைத்தான் எதிர்கொள்வார் என்பதால், விளக்கம் தாய்மொழியிலும் கருவி ஆங்கிலத்திலும் இருப்பதே அவருக்குப் பயன் தரும் என்ற தெளிவான முடிவு. அங்கே எழுத்துப்படி அருகருகே இரண்டு நெடுவரிசைகளாக எழுதப்படுகிறது. ஒன்றில் திரையில் நடப்பது, மற்றதில் அப்போது பேசப்படுவது. ஒலிமாற்றம் செய்பவர் இரண்டாவது நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றினாலும், அதே செய்தி தமிழில் பேசும்போது நீண்டுவிடக்கூடும். சுட்டி அடுத்த பட்டியலுக்குப் போன பிறகும் குரல் முந்தைய பட்டியலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கற்பவர் குழம்பிவிடுவார். ஆகவே வாக்கியங்களைச் சுருக்கவோ, தேவையான இடத்தில் காட்சியை நிறுத்திப் பிடிக்கவோ வேண்டியிருக்கும். திரையில் உள்ள பொத்தானின் பெயரைப் பேச்சில் மொழிபெயர்த்துச் சொன்னால், கற்பவர் அந்தப் பெயரைத் திரையில் தேடித் தேடி ஏமாறுவார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நாடு மாறும்போது எண்களும் தேதிகளும் தொல்லை தரும். அமெரிக்கப் பாடத்தில் 03/04 என்பது மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் ஜெர்மனி போன்ற நாடுகளின் கணினிகளில், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட தரவுக் கோப்பு விரிதாளில் தாறுமாறாகத் திறக்கக்கூடும். பயிற்சியின் இரண்டாம் நிமிடத்திலேயே பாதிப் பேர் இப்படி நின்றுவிட வாய்ப்புண்டு என்பதால், பயிற்சிக் கோப்புகள் அனைத்தையும் கற்போர் பயன்படுத்தும் அதே அமைப்புள்ள கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

முன்னோட்டமும் பராமரிப்பும்

மாற்றிய பயிற்சியை வெளியிடும் முன் புதிய குழுவைச் சேர்ந்த சிலரிடம் கொடுத்து, அவர்கள் படிக்கும்போது அருகில் இருந்து, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். உதவி செய்யத் துடிக்கும் இடங்களே பாடத்தில் திருத்த வேண்டிய இடங்கள். கார்பென்ட்ரீஸ் அமைப்பில் ஒரு பாடத்தை முதலில் எழுதியவர்களே நடத்திப் பார்க்கிறார்கள். அடுத்த கட்டத்தில் எழுதாதவர்கள் நடத்துகிறார்கள். அதன் பிறகே அது நிலைபெற்ற பாடமாகக் கருதப்படுகிறது. இரண்டாம் கட்டம் முக்கியமானது, ஏனெனில் எழுதியவர் நடத்தும்போது பாடத்தில் உள்ள பள்ளங்களைத் தம் பேச்சால் அறியாமலே நிரப்பிவிடுவார். ஆசிரியரே இல்லாமல், காணொளியும் உரையும் மட்டுமாக ஓடும் பயிற்சியில் அப்படி நிரப்ப யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால், அங்கே இந்தச் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

வெளியிட்ட பின் இரண்டு பயிற்சிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வந்து சேர்கிறது. மூலத்தில் ஒரு பிழை திருத்தப்பட்டாலோ, மென்பொருளின் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரைப்பிடிப்புகள் மாற்றப்பட்டாலோ, அந்தத் திருத்தம் நம் பதிப்புக்குத் தானாக வந்துவிடாது. முழுவதையும் நகலெடுத்து மாற்றியவர்களுக்கு இந்தச் சுமை அதிகம்; பொதுப் பகுதிகளை மூலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, எடுத்துக்காட்டுகளையும் தேர்வையும் மட்டும் தனிக் கோப்புகளில் வைத்திருப்பவர்களுக்குக் குறைவு. எந்த வழியை எடுத்தாலும், மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து எந்த நாளில் பிரிந்தது, எந்தெந்தப் பக்கங்கள் எந்தக் காரணத்துக்காக மாற்றப்பட்டன என்ற குறிப்பைப் பயிற்சியின் கோப்புகளோடு சேர்த்தே வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால், பொதுவான பிழைத்திருத்தங்களை மூலத்தின் ஆசிரியர்களுக்குத் திருப்பி அனுப்பவும் முடியும்; நாளை வேறொருவர் இதே பயிற்சியை மூன்றாவது குழுவுக்கு மாற்ற வரும்போது, இரண்டு பதிப்புகளில் எதிலிருந்து தொடங்குவது என்று அவரால் தீர்மானிக்கவும் முடியும்.